பிளக் இல்லாத வண்டி

பழைய வண்டி வாங்கப் போனால் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், கண்ணுகளா. சூடாக இருந்தால், கோளாறை மறைக்க விற்பவர் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

தபால்காரியான என் தங்கை மகளுக்கு மெக்கானிக் இதைத்தான் சொல்லி அனுப்பினார். மலைப்பாதையில் பைக் ஓட்டிக் காட்டிப் பரீட்சையில் தேறினால்தான் அவள் வேலை நிரந்தரம். மண்பாதைக்கான வண்டி ஒன்று ஓர் அம்மாளிடம் விலைக்கு வந்திருந்தது. காலை ஏழு மணிக்குப் போய்த் தொட்டாள். சுட்டது.

"என்னக்கா, ஓட்டி வச்சிட்டீங்களா?"

"யாரு ஓட்ட? வீட்டுக்காரர் தவறி ரெண்டு வருஷமாச்சு. ஸ்டார்ட் ஆக விடாம பிளக்கையே கழட்டி வச்சிட்டேன், பாரு."

பிளக் இருந்த ஓட்டையில் துணி அடைத்திருந்தது.

"அப்புறம் ஏன் சுடுது?"

"காலையில அப்படித்தான்மா இருக்கும். பத்து மணிக்கு ஆறிடும்."

வேறு வண்டி வாங்க வசதியில்லை. வாங்கிவிட்டாள். பிளக்கை மாட்டியதும் ஒரே உதையில் கிளம்பியது. பத்து நாளில் பதினாறு தடவை விழுந்து, ஒருவழியாக மேடேறப் பழகினாள்.

பரீட்சைக்கு முதல் நாள் அந்த அம்மாள் போன் செய்தார்.

"வண்டி காலையில சூடா இருக்காம்மா?"

"இல்லக்கா, ஜில்லுனுதான் இருக்கு."

"அதானே பாத்தேன். நீ கொண்டுபோனதுலேருந்து தினமும் காலையில எங்க வீட்டுக்காரர் பூட்ஸ் சேறும் ஈரமுமா கிடக்கு. மலை முழுக்க நடந்தே போயிட்டு வர்றாரு போல. முட்டிவலிக்காரர், பாவம். உன் விலாசத்தை அவர்கிட்ட சொல்லட்டுமா?"



"இன்னிக்கு ராத்திரி மட்டும் வேணாம்க்கா," என்றாள் இவள். "நாளைக்கு எனக்குப் பரீட்சை இருக்கு."