பத்து விரலும் சுத்தம்

திருட்டு வட்டாரத்தில் அவன் பெயர் ‘சுத்தம்’. கடையே காலியானாலும் கைரேகை ஒன்று மிஞ்சாது, அவ்வளவு சுத்தம். கையுறை போடாமல் அவன் அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டியதுகூடக் கிடையாது.

கடைசியாக அடித்த நகைக்கடைக்காகப் போலீஸ் ஊரையே சல்லடை போட்டுச் சலிக்க, அவன் ஒளிந்துகொண்ட இடம்தான் அபாரம். பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் அறை! வாயால் சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு நரம்பு வழியே ஏற்றுகிற சத்துப் பைகளை அங்கேதான் கலக்கிறார்கள். தலைக்குக் குல்லாய், முகத்துக்கு மாஸ்க், கைக்கு உறை. பெற்ற தாயே வந்தாலும் ‘யாருப்பா நீ?’ என்றுதான் கேட்பாள். இதில் சம்பளம் வேறு.

அன்று கடைசிப் பையை முடித்து, மாஸ்க்குக்கு மேலாக மூக்கை ஒரு சொறி சொறிந்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே தலைமை மருந்தாளர். எல்லோருக்கும் அக்கா. கையில் இரண்டு வட்டத் தட்டுகள். உள்ளே ஜெல்லி மாதிரி ஏதோ.

“தம்பி, இதுல பத்து விரலையும் பதிச்சிட்டுப் போ.”

அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். “எ... எதுக்குக்கா?”

“மேலிடத்து உத்தரவு. எல்லாரும்தான் பதிக்கணும். உறையைக் கழட்டாதே, அப்படியே வை.”

கையுறையோடவா? இந்த லட்சணத்தில் துப்பறிகிறார்களாம்! சிரிப்பை அடக்கிக்கொண்டு அழுத்தமாகவே பதித்தான்.

சில நாள் கழித்து அக்காவிடமிருந்து அழைப்பு. காவலாளிதான் கூட்டிப் போனார். உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, அதிலேயே சாய்ந்து நின்றுகொண்டார். அக்கா தட்டை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“உன் விரலே உன்னைக் காட்டிக் குடுத்திருச்சு தம்பி.”

“கையுறை போட்டிருந்தேனேக்கா!”

“அதையும் மீறித்தானே வந்திருக்கு? என்ன பண்ணினேன்னு நீயே சொல்லிடு. இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.”

உயிரா? நகைக்கடைக் காவல்காரன் பயத்தில் மயங்கித்தானே விழுந்தான்! கொலைக் கேஸாக்கிவிட்டார்களா? அவன் தொப்பென்று தரையில் உட்கார்ந்தான்.

“சத்தியமா நான் யாரையும் தொடலைக்கா! நகைக்கடை நான்தான். அதுக்கு முன்னாடி அடகுக்கடையும் நான்தான். எல்லாம் என் மச்சான் வீட்டுத் தண்ணித் தொட்டிக்கு அடியில இருக்கு. போன வாரம் காணாமப் போன உங்க குடை... அதுவும் நான்தான்!”

காவலாளி மெல்ல செல்போனை எடுத்தார். திறந்த வாயை மூட மறந்த அக்கா, தட்டைத் திருப்பிக் காட்டினார். உறையில் கிருமி ஒட்டியிருந்தால் வளர்த்துக் காட்டிவிடும் அந்த ஜெல்லியில், அவனுடைய ஆள்காட்டி விரல் பதிந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கிருமிகள் குடும்பம் குடும்பமாகக் குடியேறியிருந்தன.

“சுத்தம்!” என்று தலையில் அடித்துக்கொண்டார் அக்கா. “பை கலக்குற இடத்துல மூக்கைச் சொறிஞ்சியான்னு கேக்கத்தான்டா கூப்பிட்டேன்!”