சில்வண்டு நேரில் வந்தது

பாடி மேம்பாலத்துக்குக் கீழே இருந்த டீக்கடையில் மூன்றாவது டீயையும் குடித்து முடித்துவிட்டான் எத்திராஜ். சில்வண்டைக் காணோம்.

சில்வண்டு என்பது இணையத்தில் வைத்துக்கொண்ட பெயர். இரண்டு வருடமாக மெயிலில் பழக்கம். முகம் தெரியாது, குரல் தெரியாது. எங்கோ காலேஜில் படிக்கிற, மீசை சரியாக முளைக்காத பையன் என்று எத்திராஜ் தானாகவே முடிவு செய்து வைத்திருந்தான்.

அந்தப் பையனிடம்தான் இன்று தன் பேக்கேஜை ஒப்படைக்கப் போகிறான்.

எத்திராஜுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. அது சோறு போடுகிற வேலை. மிச்ச நேரத்தையெல்லாம் தின்றது இன்னொன்று. ஆர்வலர்கள் சேர்ந்து சம்பளமில்லாமல் நடத்தும், லினக்ஸ் என்ற இலவசக் கணினி மென்பொருள் தொகுப்பு ஒன்றில், பிரிண்டருக்கு எழுத்தை அனுப்பும் ஒரு நிரலை, அவர்கள் பாஷையில் ஒரு பேக்கேஜை, அவன் பராமரித்து வந்தான்.

நிரல் சின்னதுதான். ஆனால் அதை நம்பி நாற்பது பேக்கேஜ்கள் நின்றன. இதைப் புதுப்பித்தால் அவற்றில் ஒன்று படுத்துவிடும். அதைத் தூக்கி நிறுத்தினால், இன்னொன்று பழைய வெர்ஷன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். ஒன்றுமே செய்யாமல் விட்டால், பாதுகாப்பில் ஓட்டை என்று மெயில் வரும்.

திட்ட ஆள் உண்டு, நன்றி சொல்ல நாதி கிடையாது. பல வருடமாக இதே பிழைப்பு. அலுப்பு என்பதெல்லாம் சின்ன வார்த்தை.

சில்வண்டு மட்டும் வேறு மாதிரி. எங்கே உடைந்திருக்கிறது என்று முதலில் பக் ரிப்போர்ட், அதாவது பிழைப் புகார், அனுப்பியது. பிறகு திருத்தத்தையே எழுதி அனுப்பியது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எத்திராஜ் பதில் எழுதுவான். 'நண்பா, நீ இல்லையென்றால் நான் என்ன ஆவேன்' என்றுகூட ஒருமுறை எழுதியிருக்கிறான்.

தொகுப்பில் புதிதாக ஒருவரைச் சேர்க்க ஒரு சம்பிரதாயம் உண்டு. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் நேரில் சந்தித்து, அரசாங்க அட்டையையும் முகத்தையும் ஒப்பிட்டு, இன்னார் இன்னார்தான் என்று கணினியில் கையொப்பம் போட வேண்டும். அதற்குத்தான் இந்த டீக்கடை. இடத்தைச் சொன்னது சில்வண்டு.

கையொப்பம் போட்ட கையோடு ஆவடிக்கு பஸ் ஏறிவிட வேண்டும். ஆடிக்கிருத்திகைக்கு அம்மா வீட்டுக்குப் போன அவன் மனைவி கனிமொழி, தை பிறந்தும் திரும்பவில்லை.

பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. அவள் பேசுவாள், இவன் லேப்டாப்பைப் பார்த்தபடி ம் கொட்டுவான். ஒருநாள் பேச்சை நிறுத்திவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

அவள் முன்னால் போய் நின்று, அந்தச் சனியனைத் தலைமுழுகிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டாவது வருவாளா என்று அவனுக்குப் பயமாக இருந்தது. அவள் இல்லாத வீட்டுக்குள் நுழையவே பிடிக்கவில்லை.

எதிரே யாரோ வந்து நின்றார்கள். நிமிர்ந்தான்.

கனிமொழி.

ஒருவரைப் பார்க்க வந்ததாகவும், முடித்துவிட்டு ஆவடிக்குத்தான் வருவதாக இருந்ததாகவும் உளறிக் கொட்டினான்.

அவள் பையைத் திறந்து தன் டிரைவிங் லைசென்ஸை எடுத்து, அவன் மேசைமேல் விரித்து வைத்திருந்த லேப்டாப் ஓரத்தில் வைத்தாள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. சில்வண்டு மெயிலில் அனுப்பியிருந்த நீளமான அடையாள எண் அதில் இருந்தது.

திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தான். ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை.

கம்பெனியில் மற்றவர்கள் எழுதும் நிரலில் தப்பு கண்டுபிடிப்பதுதான் அவளுக்கு வேலை. செய்யக்கூடியவள்தான். ஆனால் எதற்காக என்று கேட்டான்.

"ஊட்ல எத்தக் கேட்டாலும் உன் வாய்லர்ந்து பதிலு வராது. பக் போட்டா உடனே வருது. வேற இன்னா பண்ணச் சொல்ற?"

குரலில் கோபம் இல்லை. கோபப்படும் தெம்பும் தீர்ந்துபோனவளாகத்தான் தெரிந்தாள்.

நண்பா என்று எழுதிய வரி ஞாபகம் வந்து அவனுக்குக் காது சூடேறியது. அதே வீட்டுக் கூடத்தில், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படித்திருப்பாள்.

என்ன பேசுவதென்று தெரியாமல், தெரிந்த வேலையைச் செய்தான். கையொப்பத்துக்கான கட்டளையைக் கொடுத்தான். லேப்டாப் எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டது. இவர் இன்னார்தான் என்பதை எவ்வளவு கவனமாகச் சரிபார்த்தீர்கள்? மிகவும் கவனமாக. ஓரளவுக்கு. சரிபார்க்கவே இல்லை.

கட்டிய பெண்டாட்டியிடம் சரிபார்க்க என்ன இருக்கிறது? முதல் பதிலை அழுத்தப் போனவன், முறைக்காக ஒருதரம் லைசென்ஸில் இருந்த படத்தையும் அவள் முகத்தையும் பார்த்தான்.

படத்தில் கண்ணாடி இல்லை. முகத்தில் இருந்தது.

பேச ஒரு விஷயம் கிடைத்ததே என்று அவனுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. ஆவடிக்குப் போன பிறகு போட்டதா என்று அக்கறையாகக் கேட்டான்.

"நம்ம ஊட்ல கீறப்பவே. ஒரு வருசம் இதப் போட்டுகினுதான் உன் எதுருல குந்தினு இருந்தேன்."

எத்திராஜ் விரலை எடுத்தான். கடைசிப் பதிலுக்கு இறங்கி, 'சரிபார்க்கவே இல்லை' என்பதை அழுத்தினான்.

கனிமொழி குனிந்து அதைப் படித்தாள். பிறகு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.