சிப்பி பதித்த கியூ

"உலகத்துல மனுசன் ரெண்டே வகைதாம்லே. பதிச்சவன். ஒட்டுனவன்."

சொல்லிவிட்டு, யாரும் சிரிக்கவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டான்.

சிரிக்கிற விஷயம் இல்லை.

அவன் கட்டைவிரல் நகம் ஜெபினின் கியூ மேல், பந்தடிக்கும் அந்தக் கோல் மேல், ஊர்ந்துகொண்டிருந்தது.

நாகர்கோவிலில், டயர் கடைக்கு மேல் மாடி. பச்சைத் துணி விரித்த ஒரே மேசை. கல்லூரியின் எட்டுப்பந்து அணி மொத்தமும் அதைச் சுற்றி நின்றது.

மூன்று பேர்.

(ஆட்டத்தின் சரியான பெயரைத் தமிழில் எழுதி ஒட்டிய நோட்டீஸை முதல்வர் தன் கையாலேயே கிழித்தார். அன்றிலிருந்து எட்டுப்பந்து.)

அவன் கேப்டன். ஜெபின், கேப்டன் ஆகியிருக்க வேண்டியவன். அனீஷ், எண்ணிக்கைக்கு.

கேப்டனுக்குத் தனி டீ-சர்ட் உண்டு. முதுகில் பெயர். ஒட்டிய எழுத்து வேண்டாம் என்று சண்டை போட்டு, நூலால் தைத்து வாங்கியிருந்தான்.

நகம் நின்றது.

கைப்பிடிக்குச் சற்று மேலே வெள்ளையாக ஒரு டைமண்ட் வடிவம். விளிம்பு நகத்தில் தட்டியது.

மரத்தைக் குடைந்து சிப்பியைப் பதித்திருந்தால் தட்டாது. மரம் எங்கே முடிகிறது, சிப்பி எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாது.

இது ஸ்டிக்கர்.

ஸ்டிக்கர் என்றாலே அவனுக்கு ஆத்திரம் வரும். தேக்கு மாதிரி ஒட்டிய கதவு. கிரானைட் மாதிரி ஒட்டிய வகுப்பறைச் சுவர். நூறு சிசி பைக்கில் ஒட்டிய சிறுத்தை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஊரே சும்மா போனது. எல்லோருக்குமாகச் சேர்த்து அவன் ஒருவனே கோபப்பட வேண்டியிருந்தது.

உரித்தான்.

ஜெபினின் நெற்றியில் ஒட்டினான். ஸ்டிக்கர் பொட்டு மாதிரி. நட்டநடுவில்.

"மகாலட்சுமி மாதிரி இருக்கடே," என்றான் அனீஷ்.

ஜெபின் சிரிக்கவில்லை.

பொட்டை எடுக்கவும் இல்லை.

"ஒன் கியூவுல இருக்கது?" என்றான் ஜெபின்.

"எங்க மாமா ஷார்ஜால இருந்து கொண்டாந்தது. அசல் சிப்பி. ஒட்டுனது ஒண்ணு இருந்துன்னாலும் கேப்டன் நீதாம்லே. டீ-சர்ட்டயும் கழட்டித் தாரேன்."

"அனீஷ், கேட்டுக்க," என்றான் ஜெபின்.

தன் கியூவில் நகம் வைத்துப் பார்க்க கேப்டன் யாரையும் விட்டதில்லை. நகம் பட்டால் சிப்பி மங்கும் என்பான்.

அவனும் வைத்துப் பார்த்ததில்லை.

ஜெபின் பொட்டோடு ஆடினான். குனியும்போதெல்லாம் நெற்றியில் குழல்விளக்கு மின்னியது. பல்லைக் கடித்திருந்தான். பந்துகள் குழியில் விழுந்தது போல இல்லை. ஓடி ஒளிந்தது போல இருந்தது.

முதல் ஆட்டம் ஜெபினுக்கு.

பாத்ரூமுக்குப் போனான். முகம் கழுவிவிட்டு வந்தான். நெற்றியில் தண்ணீர் மட்டும் இருந்தது.

இரண்டாவது ஆட்டத்தில், கேப்டனுக்கு மிச்சம் கடைசியாக விழ வேண்டிய கறுப்புப் பந்து. குழி வாயிலேயே நின்றது. ஊதினால் விழும்.

விழவில்லை.

கியூவின் அடியை ஓங்கித் தரையில் குத்தினான்.

வெள்ளையாக ஏதோ தெறித்துக் கீழே விழுந்தது.

கால் முந்திக்கொண்டது. மிதித்த பிறகுதான் எதை மிதித்தோம் என்று அவனுக்குப் புரிந்தது.

கியூவைப் பார்த்தான். டைமண்ட் இருந்த இடத்தைத் தடவினான்.

பள்ளம் இல்லை. மரம் மொழுமொழுவென்று இருந்தது.

கட்டைவிரலால் மூடினான்.

கோபம் வந்தது. மாமா மேல். ஷார்ஜா மேல். குறிப்பாக ஜெபின் மேல். அவன் முகம் அவ்வளவு சுத்தமாக இருக்க என்ன அவசியம்?

"தள்ளுடே. அங்க நின்னாத்தான் எனக்கு அடிக்க முடியும்," என்றான் ஜெபின்.

தள்ளிப் போனான். காலைத் தூக்காமல். தேய்த்தபடி.

"காலுக்கு என்னாச்சு மக்கா?" என்றான் அனீஷ்.

"மரத்துப் போச்சு."

தேய்த்தபடியே பாத்ரூம் வரை போனான். கியூவையும் விடவில்லை.

"கியூவ எதுக்குலே கக்கூசுக்குக் கொண்டு போற?"

"வெளிய வச்சா கண்டவனும் நகத்த வைப்பான்."

தாழ்ப்பாள் போட்டான். செருப்பைத் திருப்பினான்.

டைமண்ட் இரண்டாக மடிந்து, மண்ணும் முடியும் அப்பிக் கிடந்தது. நீவினான். மரத்தில் வைத்து அழுத்தினான். விழுந்தது. வாயால் ஊதி, பனியனில் துடைத்து, மறுபடி அழுத்தினான். பாதி விரலோடு வந்தது. மீதி குழாய்த் தண்ணீரோடு பேசின் ஓட்டைக்குள் போயிற்று.

யாரையாவது கெட்ட வார்த்தையில் திட்டலாம் என்று நிமிர்ந்தான்.

கண்ணாடியில் அவன் முகம்.

நெற்றி நடுவில் வெள்ளை டைமண்ட்.

கை தானாக நெற்றிக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

கண்ணாடியில்தான் இருந்தது. முகம் கழுவும் பெண்கள் பொட்டை ஒட்டிவைப்பது போல ஒட்டிவிட்டுப் போயிருந்தான் ஜெபின். இருவரும் ஒரே உயரம்.

வெளியே பந்து குழியில் விழும் சத்தம் கேட்டது.

நகத்தை விளிம்பில் கொடுத்தான். மெதுவாக. முனை கிழியாமல்.

கியூவில் வைத்தான்.

அளவு சரியாக இருந்தது. நிறமும்.

கதவை யாரோ இரண்டு முறை தட்டினார்கள்.

"நிதானமா வா கேப்டன்." ஜெபின் குரல். "ஒண்ணும் அவசரமில்ல."

அவன் கட்டைவிரலை எடுக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அழுத்திக்கொண்டே நின்றான்.