தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம்

"நிலவா, தாழ்ப்பாளைத் தொற கண்ணு!" தட்டித் தட்டி மணிமொழியின் கை சிவந்துவிட்டது.

மூன்று வயதுப் பிள்ளை அந்தப் பக்கம் தனியாக இருந்தான்.

அவள் ஃபைசானிடம் திரும்பினாள். "அடுப்புல எண்ணெய் காயுது தம்பி! ஃபோனும் அங்கதான் கெடக்கு. அவங்கப்பா கேக் வாங்க டவுனுக்குப் போயிட்டாரு."

பிறந்தநாளுக்குப் பலூன் பொம்மை செய்ய வந்திருந்த ஃபைசானுக்கும் வியர்த்தது. வேங்கிக்காலின் புது மனைகளில் கத்தினாலும் கேட்க ஆளில்லை.

"அழாதீங்கக்கா."

நீள பலூனைக் கதவுக்கு அடியில் தள்ளி, அதன் வாயை மட்டும் பிடித்துக்கொண்டு பம்ப் அடித்தான். அந்தப் பக்கம் பலூன் நெளிந்து நீண்டது.

"ஐ, பாம்பு!"

"தாழ்ப்பாளைத் தள்ளுடா செல்லம், பாம்பு ஒனக்குத்தான்!"

கிரீச்சென்று தாழ்ப்பாள் நகர்ந்தது. பலூன் ஊத ஒதுக்கியிருந்த அறையிலிருந்து மணிமொழி பாய்ந்து வெளியேறி, சமையலறைக்கு ஓடி அடுப்பை அணைத்தாள்.

அறைக்குள்ளேயே நின்ற ஃபைசான் பெருமூச்சு விட்டான். பம்பைப் பைக்குள் வைத்தான்.

ஹாலில் நின்ற நிலவன் அதைப் பார்த்தான். "அங்கிள், போறியா?"

"பார்ட்டி முடிஞ்சதும் போயிடுவேன்டா."

கதவு படாரென்று மூடியது. தாழ்ப்பாள் மறுபடி விழுந்தது.

"அடுத்து யானை!"