பிறந்த நேரம்

"சிஸ்டர், கொழந்த கரீட்டா எத்தினி மணிக்குப் பொறந்துது?"

காலையிலிருந்து மூன்றாவது முறையாகக் கேட்டார் அந்த அப்பா. உத்திரமேரூர் பஜார் நர்சிங்ஹோமின் நர்ஸ் தமிழ்ச்செல்விக்கு எரிச்சல் வந்தது. ஆபரேஷனில் பிறந்த மகளை மனிதர் இன்னும் தொடக்கூட இல்லை. வாசலிலேயே நின்று எட்டிப் பார்க்கிறார். ஏதோ தோஷமாக இருக்கும்.

"நேத்து சாயந்தரம் அஞ்சரைக்கு. ஜாதகத்த அப்பறம் எழுதிக்கலாம், மொதல்ல புள்ளயத் தூக்குங்க!"

"ஜாதகமா? நாங்க வேதக்காரங்க சிஸ்டர், சர்ச்சுக்குப் போறவங்க."

"அப்பறம் இன்னாத்துக்கு நேரம்?"

அவர் குரல் தாழ்ந்தது. "எனக்கு ரத்தத்துல மஞ்சக்காமால பி கிருமி கீது. பொறந்த ஒரு நாளுக்குள்ள கொழந்தைக்கு ஊசி போட்டுடணும்னு எனக்குப் பாக்கற டாக்டர் சொன்னாரு. இன்னும் போடலியே?"

அந்த ஊசியை வீட்டுக்குப் போகும் நாளில் போடுவதுதான் அங்கே பழக்கம். சுகப்பிரசவம் என்றால் மறுநாளே போய்விடுவார்கள். ஆபரேஷன் என்றால் ஒரு வாரம் ஆகிவிடும். இதைத் தமிழ்ச்செல்வி யோசித்ததே இல்லை.

இப்போது அவளும் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலு. டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஃபிரிட்ஜுக்கு ஓடினாள்.

ஊசி போட்ட கையோடு, வீறிட்டு அழுத குழந்தையை அவரிடம் நீட்டினாள்.

"தூக்கினாலெல்லாம் அந்தக் கிருமி ஒட்டிக்காது. புடிங்க உங்க பொண்ண."