நல்ல கண்

பேஸ்பால் மைதானத்தின் மூன்று தளங்களிலும் ஆட்கள் நின்றார்கள். ஸ்கோர் சமம். கடைசி இன்னிங்ஸ், இன்னும் ஒருவர் அவுட்டானால் ஜெயிக்கும் வாய்ப்பு கை நழுவிவிடும்.

மேனேஜர் டோலன் பெஞ்சை ஒரு பார்வை பார்த்தார். கோல்பியைத் தவிர மட்டை பிடிக்க ஆள் மிச்சமில்லை. போ என்று தலையை ஆட்டினார்.

கோல்பி டார்னெல் மைதானத்துக்குள் இறங்கினான்.

நெப்ராஸ்காவில் பள்ளிக்கூடத்துப் பையனாக ஆடிக்கொண்டிருந்தபோதே, இப்படி ஒரு கை தலைமுறைக்கு ஒன்றுதான் வரும் என்று பெரிய அணிக்காரர்கள் வீடு தேடி வந்து அழைத்துப்போனார்கள். அந்தக் கை சின்ன லீக்கில் பந்துகளை வேலி தாண்டிப் பறக்கவிட்டது. பெரிய லீக்குக்குக் கூப்பிட்டால் தடவியது. திருப்பி அனுப்புவார்கள். அங்கே மறுபடி வெளுத்துக்கட்டுவான். மறுபடி கூப்பிடுவார்கள். மேலும் கீழுமாக ஊர் மாறி மாறி, அவன் மனைவி ஜோலின் பெட்டிகளைப் பிரிப்பதையே விட்டுவிட்டாள்.

போன கோடையில் ஒரு பந்து கன்னத்தில் பட்டு எலும்பு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆட்டம்தான் கூடவில்லை.

முழங்கை இறங்குகிறது என்றார் ஒரு கோச். கால் சீக்கிரம் எழும்புகிறது என்றார் இன்னொருவர். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

கணுக்கால் பிசகி உட்கார்ந்திருந்த ராஸ்மன் நாளைக்குத் திரும்புகிறான். அவன் உள்ளே வந்தால் ஒருவன் வெளியே போக வேண்டும். யார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் லாக்கர் அறையில் பக்கத்து இடத்துக்காரன் நேற்றிலிருந்து தேவைக்கு மேல் அன்பாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"டார்னெல், சின்ன லீக் பஸ்ஸு வெளிய நிக்குதுடா. டிரைவர் ஹாரன் அடிக்கிறான், காது கேக்கலையா?"

வேலிக்குப் பின்னாலிருந்து பீர் கோப்பையோடு ஒருவன் கத்தினான். அந்த வரிசையே சிரித்தது.

பந்தைப் பிடிக்கும் எதிரணி கேட்சர் ஒகாசியோ அவனுக்குப் பின்னால் குந்தியிருந்தார். முட்டி தேய்ந்த பழைய ஆட்டக்காரர். மட்டை பிடிப்பவனின் கவனத்தைக் கலைக்க ஓயாமல் பேசுவதில் பெயர் வாங்கியவர். சாப்பிட்டாச்சா என்று கேட்டார். இந்த வெயிலில் கம்பளிச் சட்டை மாதிரி ஒரு சீருடை எதற்கு என்று அலுத்துக்கொண்டார்.

பந்து எறியும் பிட்சர் புதுசு. மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

அவன் காலைத் தூக்கினான்.

தோல் கையுறையில் பந்து அறைந்த சத்தம். அம்பயர் கத்தினார். ஒரு ஸ்ட்ரைக்; மூன்றானால் அவுட்.

இரண்டாவது. அதே சத்தம், அதே கத்தல். கோல்பியின் மட்டை தோளைவிட்டு அசையவில்லை. கூட்டம் ஊளையிட்டது. இன்னும் ஒன்றை இப்படி விட்டால் இந்த வாய்ப்பு மட்டுமல்ல, அவனுக்கு எல்லாமே முடிந்தது.

ஒகாசியோ பேச்சை நிறுத்திவிட்டார். எழுந்து பிட்சரிடம் நடந்தார். கையுறையால் வாயை மறைத்துக்கொண்டு என்னவோ சொன்னார். பையன் நம்பாதவன்போல அவரைப் பார்த்தான். பிறகு கோல்பியைப் பார்த்தான்.

ஒகாசியோ திரும்பி வந்து மறுபடி குந்தினார்.

மூன்றாவது பந்துக்கு அம்பயர் கத்தவில்லை; பந்து விலகிப் போனது என்று அர்த்தம். நாலாவதற்கும் கத்தவில்லை. ஐந்தாவது மண்ணில் மோதிய சத்தம் கேட்டது. ஊளை அடங்கியது. எங்கிருந்தோ ஒரு கைதட்டல் தொடங்கி, மைதானம் முழுக்கப் பரவியது. இன்னும் ஒரு பந்து விலகிப் போனால் அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடக்கலாம். மூன்றாவது தளத்தில் நிற்பவன் வெற்றி ஓட்டத்தோடு வந்து சேர்வான்.

கோல்பி மட்டையை மாற்றிப் பிடித்தான். கையுறையை இறுக்கிக்கொண்டான்.

பையன் காலைத் தூக்கினான்.

அறைந்த சத்தம்.

அப்புறம் ஒன்றுமில்லை. அம்பயர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு காதைப் பிளக்கும் இரைச்சல்.

முதல் தளத்தைத் தொட்டதும் எல்லோரும் அவன்மேல் விழுந்தார்கள். யாரோ ஐஸ் தண்ணீர் வாளியைத் தலையில் கவிழ்த்தார்கள். டோலன் அவன் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டார். என்ன நிதானம், என்ன கண் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ராஸ்மன் இன்னும் கொஞ்ச நாள் காலை நீட்டிக்கொண்டு உட்காரட்டும், நாளைக்கு முதல் இன்னிங்ஸிலிருந்தே நீதான் என்றார்.

டி.வி.க்காரப் பெண் மைக்கோடு ஓடிவந்தாள். கடைசிப் பந்து மயிரிழையில் விலகியது, அது வெளியே போகிறது என்று எப்போது தெரிந்தது என்று கேட்டாள்.

"அம்பயர் கத்தலையே, அப்பத்தான்" என்றான் கோல்பி.

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒகாசியோ தன் அணியின் பெஞ்சுக்குப் போகும் வழியில் நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை. கூட்டம் விலகும்வரை காத்திருந்து, கோல்பியைக் கடக்கும்போது மட்டும் நடையைத் தளர்த்தினார்.

"நடுவுலதான் போடச் சொன்னேன் தம்பி. சின்னப் பையன், கை நடுங்கிடுச்சு. நாளைக்குப் பந்து போட வர்றவனுக்கு நடுங்காது." முகமூடியைக் கை மாற்றிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "பந்து வரும்போது கண்ண மட்டும் மூடாத."