கரண்ட் போனாலும் செய்தி

தொண்ணூற்றெட்டில், தேவராஜ மொஹல்லாவில் எலியேசரின் பேப்பர் கடைக்கு நேர் எதிரே ஒரு பிரவுசிங் சென்டர் முளைத்தது. 'எல்லாப் பேப்பரும் இனி கம்ப்யூட்டரில்!' என்று வாசலில் பேனர் வேறு.

"கடையைக் கட்ட வேண்டியதுதான் எலியேசரே" என்றார் பக்கத்துப் பூக்கடைக்காரர்.

"நானா? ஒரு டப்பாவுக்குப் பயந்து ஓடுற ஆளா நானு?"

அன்றே ஒரு கரும்பலகையில் கன்னடத்தில் கொட்டை எழுத்தில் எழுதி, எதிர்க்கடைக்குத் தெரியும்படி மாட்டினார்: 'கரண்ட் போனாலும் இங்கே செய்தி கிடைக்கும்.'

ஆனால் எதிரே கூட்டம் குறையவில்லை. உள்ளே போனவர்கள் மணிக்கணக்கில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பார்க்கப் பார்க்க எலியேசருக்கு வயிறு எரிந்தது.

மூன்றாம் நாள் சென்டர் முதலாளி அனகா விடுவிடுவென்று சாலையைக் கடந்து வந்தாள். எலியேசர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"போர்டை எடுக்க மாட்டேம்மா. போலீஸைக் கூட்டிட்டு வந்தாலும் சரி."

"போர்டு இருந்துட்டுப் போகட்டும் அங்கிள். நாளையிலிருந்து நம்ம சென்டருக்குத் தினமும் பத்துப் பேப்பர் போடுங்க. கன்னடம் ஆறு, தமிழ் ரெண்டு, இங்கிலீஷ் ரெண்டு."

எலியேசர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அதான் எல்லாப் பேப்பரும் கம்ப்யூட்டர்லயே வருதே?"

"வருது அங்கிள்." அனகா குரலைத் தாழ்த்தினாள். "ஒரு பக்கம் வர்றதுக்குக் கால் மணி நேரம் ஆகுது. அதுவரைக்கும் ஜனங்க எதையாவது படிக்க வேண்டாமா?"